கரையேறிய படகுக்குத் தெருவில் எத்தனை நாள்?

சிட்னியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசாமல் போவதற்கு மரக்கிளை, நாய், வேலி என்று பழைய காரணங்கள் பல உண்டு. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்த வரிசையில் தெருவோரப் படகும் சேர்ந்துவிட்டது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பொழுதுபோக்குப் படகுகள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஆண்டின் பெரும்பகுதியைத் தண்ணீரில் கழிப்பதில்லை. டிரெய்லரின் மேல்தான் கழிக்கின்றன. வார இறுதியில் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டுபோய் ஆற்றிலோ கழிமுகத்திலோ இறக்கி, மாலையில் ஏற்றிக்கொண்டு திரும்புவார்கள். வீட்டில் இடமிருந்தால் படகு வீட்டுக்குள் போகும். இடமில்லாதவர்களின் படகு வாசலுக்கு முன்னால், தெருவில் நிற்கும்.

தெருவில் நிறுத்துவது குற்றமல்ல. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் நம் பேச்சு பெரும்பாலும் இந்த இடத்திலேயே தடம் புரண்டுவிடுகிறது. பதிவு செய்த டிரெய்லரை, பலகை எதுவும் தடுக்காத இடத்தில், சாலை விதிகளுக்கு உட்பட்டு நிறுத்த எவருக்கும் உரிமை உண்டு. காருக்கு உள்ள அதே உரிமைதான். ஆனால் கார் காலையில் கிளம்பிப் போகிறது, அந்த இடத்தில் வேறொரு கார் வந்து நிற்கிறது. ஒரே இடம் ஒரு நாளில் நாலு பேருக்குப் பயன்படுகிறது. படகோ குளிர் தொடங்கும் மே மாதத்தில் வந்து நின்றால், மறுபடி வெயில் ஏறும்வரை அசைவதில்லை. அத்தனை மாதமும் அந்த இடம் ஒருவருடைய கிடங்காகிவிடுகிறது. வாடகை இல்லாத, கதவு இல்லாத, ஊர்ப் பணத்தில் தார் போட்ட கிடங்கு. மனக்கசப்பு எழுவது படகு என்பதால் அல்ல, இந்த அசையாமையால்தான்.

சட்டம் இதைக் கவனிக்க வெகுகாலம் பிடித்தது. 1993ஆம் ஆண்டின் பறிமுதல் சட்டப்படி, கைவிடப்பட்ட வாகனத்தைத்தான் உள்ளூராட்சி மன்றமான கவுன்சில் எடுத்துப்போக முடிந்தது. பதிவுக் கட்டணம் ஒழுங்காகக் கட்டப்பட்டு, உரிமையாளர் எதிர் வீட்டிலேயே குடியிருக்கும் படகை எப்படிக் கைவிடப்பட்டது என்பது? புகார் கேட்டு வந்த கவுன்சில் ரேஞ்சர்கள் எண் தகட்டைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். துறைமுகத்தையும் வளைகுடாக்களையும் ஒட்டிய குறுகலான பழைய தெருக்களில்தான் இந்த நெருக்கடி முதலில் முற்றியது. 2015இல் மாநில நாடாளுமன்றம் படகு டிரெய்லர்களுக்கென்றே அந்தச் சட்டத்தைத் திருத்தியது. விரும்பிய கவுன்சில்கள் தம் பகுதியில் அதை நடைமுறைக்குக் கொண்டுவர முடிந்தது. ஒரே இடத்தில் 28 நாளுக்கு மேல் நகராமல் நிற்கும் படகு டிரெய்லருக்கு, பதிவு இருந்தாலும், அறிவிப்புக் கொடுத்து, கெடு முடிந்தும் நகர்த்தாவிட்டால் எடுத்துப்போகலாம் என்பதே அதன் சாரம்.

நகர்த்துவது என்றால் எவ்வளவு தூரம்? அதையும் திருத்தம் சொன்னது: அதே சாலையில் என்றால் குறைந்தது ஒரு சந்தியைத் தாண்டி அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். சட்டம் எழுதியவர்களின் நோக்கம் நல்லது. ஆனால் மனித இயல்பு இந்த வரியைப் பிடித்துக்கொண்டது. 27ஆம் நாள் மாலை உரிமையாளர் வருகிறார், காரில் மாட்டுகிறார், சந்தியைத் தாண்டி யாரோ ஒருவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுகிறார். அடுத்த மாதம் அங்கிருந்து இங்கே. படகு ஒருமுறைகூட நனைந்திருக்காது, சட்டமும் மீறப்பட்டிருக்காது. இடைஞ்சலின் முகவரி மட்டும் மாறியிருக்கும். முன்பாவது பக்கத்து வீட்டுக்காரருக்கு அது யாருடைய படகு என்று தெரியும், கதவைத் தட்டிச் சொல்லலாம். இப்போது வாசலில் நிற்பது முன்பின் தெரியாத யாருடையதோ. நாள் எண்ணும் சட்டம் தேவைதான். ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்தால் தெரு ஒரு சதுரங்கப் பலகையாகிவிடும் என்பதற்கு இந்தப் பத்தாண்டு அனுபவமே சாட்சி.

பழைய பறிமுதல் சட்டத்தின் இடத்தை 2022 நவம்பரிலிருந்து வேறொரு சட்டம் எடுத்துக்கொண்டது. பொது இடங்களில் கவனிப்பாரற்று விடப்படும் உடைமைகள் பற்றிய அந்த 2021ஆம் ஆண்டுச் சட்டம், கடைத் தள்ளுவண்டி, வாடகைச் சைக்கிள், வாகனம், கட்டவிழ்ந்து திரியும் விலங்கு என்று எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தது. அதன் அடிப்படை எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது: பொருள் யாருடையதோ பொறுப்பும் அவருடையதே, தேடிப்பிடித்து அப்புறப்படுத்தும் சுமை ஊரின் தலையில் விழக்கூடாது. ஆனால் பொறுப்பு என்பது அபராதச் சீட்டோடு தபாலில் வந்து சேர்வதில்லை. அதைத் தெருவில் இருப்பவர்கள்தான் தமக்குள் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

அசையாத படகு என்ன கெடுதல் செய்துவிடும் என்று கேட்பவர்கள் குப்பை வண்டி வரும் நாளில் காலை ஆறு மணிக்குத் தெருவுக்கு வர வேண்டும். நம் ஊர்க் குப்பை வண்டியில் ஓட்டுநர் ஒருவர்தான் இருக்கிறார். வண்டியின் இடப்பக்கத்திலிருந்து ஓர் இயந்திரக் கை நீண்டு, ஓரத்தில் நிற்கும் தொட்டியைக் கவ்வித் தூக்கிக் கொட்டிவிட்டு இறக்கி வைக்கும். அந்தக் கைக்கும் தொட்டிக்கும் நடுவில் எதுவும் இருக்கக் கூடாது. கார் நின்றாலும் இதே தொல்லைதான். ஆனால் கார்க்காரர் முதல்நாள் இரவே ஒரு தொட்டியளவு இடம் விட்டு நிறுத்துவார், அல்லது காலையில் எடுத்துவிடுவார். ஆறு மீட்டருக்கு மேல் நீளும் டிரெய்லர் ஒரு சிறிய வீட்டு முகப்பில் டிரைவ்வே போக மிச்சமிருக்கும் ஓரம் முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. எங்கள் தெருவில் எழுபது கடந்த ஓர் அம்மா, தன் வாசலில் தொட்டி வைக்க இடமில்லாததால், சிவப்பு மூடித் தொட்டியையும் மஞ்சள் மூடித் தொட்டியையும் மூன்று வீடு தள்ளி இழுத்துக்கொண்டுபோய் வைக்கிறார். சக்கரம் புல்லில் புதைகிறது. நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இழுக்கிறார். மாலையில் அதே தூரம் திரும்ப இழுத்து வருகிறார். அவர் யாரிடமும் புகார் சொல்லவில்லை. சொல்லாததாலேயே படகுக்காரருக்கும் இது தெரியாது.

இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் ஆபத்தும் தெரியும். காரிலிருந்து கழற்றிய டிரெய்லரின் முன்பக்கம், முழங்காலுக்கும் கீழான உயரத்தில் ஓர் இரும்புக் கூம்பாக நீட்டிக்கொண்டிருக்கும். பின்பக்கம் மோட்டாரைத் தூக்கி நிறுத்தியிருப்பதால் அதன் விசிறி ஒரு சிறு பிள்ளையின் முகத்துக்கு நேராக இருக்கும். டிரெய்லரின் விளக்குகள் காரிலிருந்து மின்சாரம் பெறுபவை. கழற்றிவிட்டால் இரவில் பின்புறத்தின் சிவப்புப் பிரதிபலிப்பான்கள் மட்டுமே மிச்சம், அதையும் தார்ப்பாய் மூடியிருந்தால் அதுவும் இல்லை. டிரைவ்வேயிலிருந்து பின்னோக்கி எடுக்கும் ஓட்டுநருக்கு, காரென்றால் கண்ணாடி வழியாக மறுபுறம் கொஞ்சமாவது தெரியும். மூடிய படகு ஒரு சுவர். அந்தச் சுவருக்குப் பின்னாலிருந்து ஸ்கூட்டரில் வரும் குழந்தையை அவர் பார்க்க வழியே இல்லை.

சாலை விதிகள் இதற்கெல்லாம் ஓரளவு இடம் வைத்திருக்கின்றன. பலரும் அறியாதது இது. நிறுத்திய வாகனத்துக்குப் பக்கத்தில் மற்ற வண்டிகள் போகக் குறைந்தது 3 மீட்டர் அகலம் விட்டிருக்க வேண்டும். டிரெய்லரின் அதிகபட்ச அகலம் 2.5 மீட்டர். பழைய தெருவொன்றின் அகலம் ஏழு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பக்கம் படகு, எதிர்ப்பக்கம் சாதாரண கார் ஒன்று, நடுவில் மிஞ்சுவது 2.6 மீட்டர்தான். தீயணைப்பு வண்டியின் அகலமே ஏறக்குறைய 2.5. இன்னொரு விதி நீளம் பற்றியது. சுமையும் துருத்திக்கொண்டிருக்கும் பாகங்களும் சேர்த்து 7.5 மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் அது நீள வாகனம். குடியிருப்புப் பகுதிச் சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதை நிறுத்தக் கூடாது. படகின் நீளத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, முன்னால் நீளும் இரும்பையும் பின்னால் நீளும் மோட்டாரையும் கணக்கில் சேர்க்காதவர்கள் உண்டு. அளவுநாடாவை எடுத்துக்கொண்டு ஒருமுறை வெளியே போய் அளந்துவிடுவது நல்லது. புல் விளிம்பில் ஏற்றி நிறுத்துவதும் தவறுதான். அங்கேதான் தள்ளுவண்டியோடு தாய்மார்களும், கைத்தடியோடு முதியவர்களும் நடந்தாக வேண்டும், நடைபாதையே இல்லாத தெருக்கள் மேற்குச் சிட்னியில் இன்னும் நிறையவே இருக்கின்றன.

இவ்வளவும் சொன்ன பிறகு படகுக்காரரின் பக்கத்தையும் அதே அக்கறையோடு கேட்டாக வேண்டும். படகு என்றதும் பணக்காரர் என்று நினைப்பது பெரும் பிழை. பணமிருப்பவரின் படகு மரினாவில் கட்டிக் கிடக்கிறது, அல்லது அடுக்குக் கொட்டகையில் வாடகை கட்டிப் பத்திரமாக இருக்கிறது. தெருவில் நிற்பது பெரும்பாலும் டின்னி என்று இங்கே எல்லோரும் அழைக்கும் சின்ன அலுமினியப் படகு. குழாய்ப் பணியாளர், பேருந்து ஓட்டுநர், மருத்துவமனையில் இரவு வேலை பார்ப்பவர் என்று உழைப்பவர்கள் நாலைந்து வருடம் சேமித்து வாங்கியது. நம் தமிழர்களிலும் வடமராட்சியிலும் மன்னாரிலும் கடலோடு வளர்ந்தவர்கள், குமரிக் கரையிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். கான்கிரீட்டுக்கு நடுவில் வாரம் ஆறு நாள் உழைத்துவிட்டு ஏழாம் நாள் ஹாக்ஸ்பரி ஆற்றில் தூண்டில் போட்டு உட்காரும் அந்த நாலு மணி நேரம் அவர்களுக்கு எவ்வளவு பெரிது என்பதை வெளியிலிருந்து பார்த்து அளக்க முடியாது. அதைப் பறிக்கும் ஒழுங்குமுறை எதுவானாலும் நான் அதற்கு எதிர்.

அவருடைய படகு தெருவுக்கு வந்ததற்கு அவர் மட்டும் காரணமும் அல்ல. பழைய சிட்னி வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு வழி இருந்தது. அதன் வழியே டிரெய்லரைப் பின்கட்டுக்குத் தள்ளிக்கொண்டுபோய்த் தகரக் கொட்டகையில் விட்டுவிடலாம். வீட்டு நெருக்கடி முற்றியபோது அந்தப் பின்கட்டில்தான் வீடு முளைத்தது. 2009இல் வந்த மாநிலத் திட்டமிடல் கொள்கைப்படி, 450 சதுர மீட்டரோ அதற்கு மேலோ நிலமிருந்தால் 60 சதுர மீட்டர் வரை கிரானி ஃபிளாட் என்னும் சிறு துணைவீட்டை விரைவு அனுமதியில் கட்டிக்கொள்ளலாம். அதற்கென்று கூடுதலாக ஒரு கார் நிறுத்த இடம் காட்ட வேண்டியதில்லை. வாடகைக்குத் திண்டாடிய குடும்பங்களுக்கு அது வரம். நம்மில் எத்தனையோ பேர் இந்த நாட்டில் முதல் கூரை கண்டது அப்படிப்பட்ட வீட்டில்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விளைவு நம் கண்முன் நிற்கிறது. ஒரு மனையில் இரண்டு குடும்பம், நாலு கார். ஒரு வீட்டை இடித்து ஒட்டு வீடு இரண்டாகக் கட்டியபோது பக்கவாட்டு வழியும் போயிற்று. கார் டிரைவ்வேயை எடுத்துக்கொண்டது. டிரெய்லர் தெருவுக்கு வந்தது. குடியிருப்பை அடர்த்தியாக்க அரசு எடுத்த முடிவின் ஒரு செலவைத் தெரு சத்தமில்லாமல் கட்டிக்கொண்டிருக்கிறது.

அதனால்தான் இதை விரிகுடாப் பக்கத்துப் பணக்காரப் பேட்டைகளின் சண்டை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. மேற்குச் சிட்னியின் வென்ட்வொர்த்வில்லிலும் பெண்டில் ஹில்லிலும் டூங்காபியிலும் ஒரு சுற்று நடந்து பார்த்தால் படகை விட மற்ற டிரெய்லர்கள் அதிகம் கண்ணில் படும். புல்வெட்டும் தொழில் செய்பவரின் கூண்டு டிரெய்லர். விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுப்பவரின் சமையல் டிரெய்லர். எல்லைகள் மூடிக் கிடந்த பெருந்தொற்றுக் காலத்தில் ஆசையாக வாங்கி, இப்போது வருடத்துக்கு ஒரு தடவை வெளியே போகும் கேரவன். இதில் நம்மவர் வண்டிகளும் இருக்கின்றன என்பதைச் சொல்லத்தான் வேண்டும். மேஸ் ஹில்லில் இருக்கும் சிட்னி முருகன் கோவிலில் திருவிழா என்றால் சுற்றுவட்டாரத் தெருக்களெல்லாம் நம் கார்கள்தான். அன்று பொறுத்துக்கொள்ளும் அயலார், மற்ற நாட்களில் நம்மிடமும் அதே இணக்கத்தை எதிர்பார்ப்பது நியாயந்தானே.

தொழில் டிரெய்லரையும் சும்மா நிற்கும் படகையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பது என் கருத்து. தினமும் காலையில் கிளம்பும் புல்வெட்டி டிரெய்லர் ஒரு குடும்பத்தின் சோறு. அது மாலையில் வந்து நிற்க இடம் வேண்டும். விளம்பரத்துக்காகவே தெருவில் கொண்டுபோய் நிறுத்திய டிரெய்லர்களை மாநில அரசு 2018இல் விதி போட்டு அகற்றியபோது, ஓடுவதற்காக நிற்கும் வண்டியையும் நிற்பதற்காகவே நிற்கும் வண்டியையும் அது பிரித்தறிந்தது. அந்த வேறுபாடுதான் இங்கேயும் உதவும். எது ஓடுகிறது, எது கிடக்கிறது? ஓடுவதற்குத் தெரு இடம் தரட்டும். கிடப்பது வேறு இடம் பார்க்கட்டும்.

பொது இடத்தைப் பகிர்ந்துகொள்வது நமக்குப் புதிதல்ல. நம் கடற்கரை ஊர்களில் வள்ளங்கள் கரையில்தான் கிடக்கும். கரை எவருக்கும் பட்டா போட்ட நிலம் அல்ல. ஆனால் எந்த வள்ளம் எங்கே, வலை எங்கே காய வேண்டும், இறங்குகிற வழி எது என்று ஊருக்கு ஒரு கணக்கு இருக்கும். பழுதாகி மாதக்கணக்கில் கிடக்கும் வள்ளத்தை மேட்டுக்கு ஏற்றிவிட வேண்டும் என்றால் நாலு பேர் வந்து கை கொடுப்பார்கள். ஏற்ற மாட்டேன் என்று உரியவரும் அடம்பிடிக்க மாட்டார், ஏனென்றால் நாளைக்கு அவருக்கும் இறங்குவழி வேண்டும். தார் போட்ட தெருவுக்கும் அந்தக் கணக்கு பொருந்தும்.

படகுக்காரர்களிடம் நான் கேட்பது பெரிய தியாகம் அல்ல. உங்கள் வீட்டுக்கு முன்னால் நிறுத்துங்கள். அடுத்தவர் வாசலில் விடாதீர்கள். சந்தியிலிருந்து விதி சொல்லும் 10 மீட்டரைத் தாண்டியும் இன்னும் கொஞ்சம் தள்ளியே விடுங்கள், உயரமான படகுக்குப் பின்னால் பார்வை மறைவது அதிகம். சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். விசிறிக்கு ஒரு சிவப்புப் பை போர்த்துங்கள், தார்ப்பாய் பிரதிபலிப்பான்களை மறைக்காமல் பாருங்கள். அடியில் இருக்கும் அடைப்பானைக் கழற்றிவிட்டால் மழைநீர் தேங்கிக் கொசு வளராது. படகுக்கும் அதுவே நல்லது. முக்கியமாக, டிரெய்லரில் எளிதில் தெரியும் இடத்தில் உங்கள் கைபேசி எண்ணை ஒட்டிவையுங்கள். அந்த ஓர் எண் இருந்தால், ரேஞ்சருக்குப் போகும் புகார்களில் பாதி உங்களுக்கே நேரே வந்து, ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்று நம்புகிறேன். குளிர்காலம் முழுவதும் படகைத் தொடப்போவதில்லை என்று தெரிந்தால், ஊருக்கு வெளியே நிலம் வைத்திருப்பவர்களிடமோ வாடகைக் கிடங்கிலோ மாதக் கட்டணத்தில் விடும் வழியைப் பாருங்கள். இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரே படகை வைத்துக்கொள்வதும் நடக்கக்கூடியதுதான். பயன்படுத்தும் நாள் குறைவு. பராமரிப்புச் செலவையும் பங்கிட்டுக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை இருக்கிறது, அது அவ்வளவு இனிக்காது. உங்கள் வீட்டு முன்னாலிருக்கும் சாலையோரம் உங்களுடையதும் அல்ல. காலிப் பெயின்ட் வாளியையோ ஆரஞ்சுக் கூம்பையோ வைத்து இடம் பிடிப்பவருக்குப் படகைக் குறை சொல்ல வாயில்லை. பார்க்க அழகாக இல்லை என்பது புகார் ஆகாது. அமெரிக்காவில் பல குடியிருப்புச் சங்கங்கள் வாசலில் படகே தெரியக் கூடாது என்று விதி வைத்திருக்கின்றன. தன் சொந்த மனையிலேயே தன் படகை ஒருவர் ஒளித்துவைக்க வேண்டிய அந்த நிலைமை இங்கே வரக் கூடாது. உண்மையிலேயே இடைஞ்சல் இருந்தால், கவுன்சிலுக்குப் புகார் அனுப்பும் ஸ்னாப் சென்ட் சால்வ் செயலியில் படம் எடுத்து அனுப்புவதற்கு முன், போய்க் கதவைத் தட்டுங்கள். பெயர் தெரியாத புகாரின் பேரில் அறிவிப்புச் சீட்டு வந்து ஒட்டப்பட்ட பிறகு, தெருவில் யார் அதைச் செய்தது என்ற சந்தேகம் எல்லா வீட்டு வாசலிலும் ஏறி இறங்கும். குப்பைத் தொட்டி வைக்க இடமில்லை என்று நேரில் சொன்னால், பத்தில் ஒன்பது பேர் அன்றைக்கே ஒரு மீட்டர் நகர்த்திவிடுவார்கள். எங்கள் தெருவில் அந்த அம்மாவின் பெயரைச் சொல்லாமல் யாராவது ஒருவர் இதைப் படகுக்காரரின் காதில் போட வேண்டும். இதை எழுதும்போது அந்த யாராவது நானாக ஏன் இருக்கக் கூடாது என்று தோன்றுகிறது. இந்த வாரம் போகிறேன்.

கவுன்சில்களின் பொறுப்பு இதைவிடக் கனமானது. டூங்காபி என்ற ஒரே ஊர் பிளாக்டவுன், கம்பர்லாந்து, பாரமாட்டா என்று மூன்று கவுன்சில்களுக்குள் பிரிந்து கிடக்கிறது. தெருவின் ஒரு பக்கத்துக்கு ஒரு வழக்கமும் மறுபக்கத்துக்கு வேறொரு வழக்கமும் இருந்தால், கண்டிப்பான பக்கத்துப் படகெல்லாம் தளர்வான பக்கத்துக்குத்தான் வந்து சேரும். ஒரு கவுன்சில் தனியாக இறுக்குவது தன் குப்பையைப் பக்கத்து மனையில் கூட்டித் தள்ளுவதற்குச் சமம். அண்டைக் கவுன்சில்கள் உட்கார்ந்து ஒரே நடைமுறையை வகுக்க வேண்டும். குறுகலான தெருக்களிலும், பள்ளி, ரயில் நிலையம், கோவில், மருத்துவமனை அருகிலும் ஓர் ஓரத்தை மோட்டார் வாகனங்களுக்கு மட்டும் என்று பலகை வைத்து ஒதுக்கலாம். கழற்றிவிட்ட டிரெய்லர் மோட்டார் வாகனம் ஆகாது என்பதால் அந்த இடம் தானாகவே காருக்குக் கிடைக்கும். அகலமான, நெரிசலில்லாத தெருக்களை விட்டுவிடலாம். எல்லாத் தெருவுக்கும் ஒரே தடை என்பது நிர்வாகத்துக்கு வசதி. மக்களுக்கு நியாயம் அல்ல.

தடை போடுகிற கை இடமும் காட்ட வேண்டும். இதில்தான் இதுவரை வந்த எல்லா ஒழுங்குமுறையும் பாதியில் நின்றுபோகிறது. படகை எடு என்று சொல்லும் சீட்டில், எங்கே கொண்டுபோய் வைப்பது என்று ஒரு வரிகூட இருப்பதில்லை. மேற்குச் சிட்னியில் கவுன்சிலுக்குச் சொந்தமான பயன்படாத நிலத் துண்டுகள், மின்கம்பிப் பாதைகளின் அடியில் வீடு கட்ட முடியாமல் கிடக்கும் பட்டைகள் இருக்கின்றன. உரிய துறையின் பாதுகாப்பு நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அவற்றில் பொருத்தமான சிலவற்றை வேலி போட்டு, விளக்கு வைத்து, மாதக் கட்டணத்துக்கு டிரெய்லர் நிறுத்தும் களமாக்க முடியுமா என்று ஆராயலாம். கட்டணம் படகின் நீளத்துக்கேற்ப இருக்கட்டும். நாலு மீட்டர் டின்னிக்காரரும் எட்டு மீட்டர்க்காரரும் ஒரே தொகை கட்டுவது முறையல்ல. 2014இல் தொடங்கிய போட்டிங் நவ் திட்டத்தின் கீழ் மாநில அரசு படகு இறக்கும் சரிவுகளையும் தோணித்துறைகளையும் புதுப்பிக்கப் பணம் கொடுத்தது. இறக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போகும் வசதியையும் அதே அக்கறையோடு கட்டினால், வார இறுதிகளில் டிரெய்லர்கள் நெடுஞ்சாலையில் ஏறி இறங்க வேண்டிய தேவையே குறையும். படகுக்காரர்கள் பதிவுக்கும் உரிமத்துக்கும் வருடாவருடம் கட்டும் பணத்தின் பலன் தண்ணீரோரத்தில் மட்டும் அல்ல, அவர்கள் குடியிருக்கும் தெருவிலும் தெரிய வேண்டும். புதிய அடுக்குமாடிகளுக்கு அனுமதி கொடுக்கும்போது காருக்கான இடத்தைக் குறைப்பதைப் பற்றிப் பேசும் திட்டமிடல் துறை, அங்கே குடிவருபவரின் டிரெய்லரைப் பற்றி ஒரு பத்தியாவது எழுத வேண்டும்.

இந்தக் களங்கள் அமையும்வரை கெடுபிடி வேண்டாமா என்றால், வேண்டும். பதிவு காலாவதியாகி, டயர் காற்றிறங்கி, புல் முளைத்துக் கிடப்பவற்றைக் கவுன்சில் தயங்காமல் எடுத்துப்போகட்டும். பார்வை மறைப்பதையும் வழியடைப்பதையும் நாள் கணக்குப் பார்க்காமல் அகற்றட்டும். மற்றவற்றுக்கு முதல் கடிதம் அபராதத்தோடு போகாமல், அருகில் எங்கே வைக்கலாம் என்ற விவரத்தோடு போகட்டும். இரண்டாவது கடிதத்தில் கண்டிப்பு இருந்தால் அப்போது எவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

நம் சமூகத்திடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வாகன நிறுத்தம் பற்றிய வரைவுக் கொள்கையைக் கவுன்சில்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்போது, கருத்துச் சொல்ல வழக்கமாக 28 நாள் கொடுப்பார்கள். அந்தக் காலத்தில் எழுதுபவர்கள் பெரும்பாலும் பழைய குடிகள். கோவில் நிர்வாகம் எழுதுவதில்லை, தமிழ்ப் பள்ளி எழுதுவதில்லை, ஊர்ச் சங்கங்கள் எழுதுவதில்லை. பிறகு பலகை வந்து நின்றதும் கோவில் மண்டபத்தில் நின்று குறைப்படுகிறோம். டிரெய்லர் வைத்துத் தொழில் செய்யும் தம்பிமாரும், தெருவில் நடக்கச் சிரமப்படும் பெரியவர்களும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து பேசி, இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே கடிதமாக எழுதினால் அதற்கு எடை அதிகம். மோதுபவர்கள் சேர்ந்து சொல்லும் யோசனையைக் கவுன்சிலர் எவரும் லேசில் ஒதுக்க மாட்டார்.

கவுன்சில் கூட்டங்களில் பொதுமக்கள் முன்கூட்டிப் பெயர் கொடுத்துச் சில நிமிடம் பேச இடமுண்டு. ஆங்கிலத்தில் எழுதவும் பேசவும் தயங்குபவர்கள் 131 450 என்ற தேசிய மொழிபெயர்ப்புச் சேவை எண்ணை அழைத்துத் தமிழ் என்று சொன்னால், மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இணைப்பில் வைத்துக்கொண்டு கவுன்சில் அலுவலகத்தோடு பேசலாம். உங்கள் தெருவின் அகலம் எத்தனை மீட்டர், குப்பை வண்டி எந்த நாள் வருகிறது, அசையாமல் நிற்கும் டிரெய்லர்கள் எத்தனை, ஓடுபவை எத்தனை, அருகில் காலியாகக் கிடக்கும் நிலம் எது என்று குறித்துக்கொண்டு அழையுங்கள். ஆத்திரத்தைவிட அந்தக் குறிப்புத்தான் அதிகாரியின் மேசையில் அதிக நாள் இருக்கும்.